காலருக்கு இரண்டு விரல் மேலே

அந்த ஆபீசில் மொத்தம் நாற்பத்தொரு பேர். அதில் நாற்பது பேருக்கும் நாற்பத்தொன்றாவது ஆளின் தலைமுடியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. காதல் தோல்வி என்றார் டைப்பிஸ்ட். அதெல்லாம் இல்லை, இளவயதில் கச்சேரிக் கோஷ்டியில் டிரம் அடித்த ஆள், அந்தத் திமிர் இன்னும் போகவில்லை என்றார் ஸ்டோர் கீப்பர். உச்சந்தலையில் ஒன்றுமே மிச்சமில்லாத கணக்கர், "கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடியிறா, நமக்கென்ன வந்துச்சு" என்று பெருமூச்சு விட்டார். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, பாதி முதுகுவரை முடி வளர்த்து, காது இரண்டும் மறைகிற மாதிரி பக்கவாட்டில் தளர விட்டு, பிடரியில் ஒரு கொண்டையும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கொண்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்த்துக் கொண்டையார் என்போம். அவர் எதற்கும் கோபித்துக்கொண்டதில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்தார்கள். பேசியதில் பாதி அவர் காதில் விழவே இல்லை.

விஷயம் அதுதான். ஒளித்துவைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. கொண்டையாருக்கு இரண்டு காதும் மந்தம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் சொற்களின் வால். சொல்லின் தலை கேட்கும், வால் கேட்காது. காது டாக்டர் இரண்டு மிஷின் கொடுத்தார், மொச்சைக்கொட்டை அளவில், காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது.

அவர் வேலை பார்த்தது லிஃப்டுகளைப் பழுது பார்க்கிற கம்பெனியில். பத்தொன்பது வருஷ சர்வீஸ், பதவி சூப்பர்வைசர். லிஃப்ட் வேலையில் கண்ணும் காதும் சரியாக இல்லாத ஆளைச் சைட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது சட்டம். சைட்டுக்குப் போகாத சூப்பர்வைசரை வைத்துக் கம்பெனி என்ன செய்யும்? முன்பு ஒருத்தருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஒரு வாரத்தில் மாலை போடாத குறையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதி தனக்கும் வந்துவிடும் என்ற பயத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னது மனைவி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். வருகிறவர்கள் எதை மறைக்கப் பார்க்கிறார்கள், எதைக் காட்டப் பார்க்கிறார்கள் என்று தினமும் பார்க்கிற பிழைப்பு.

"கண்ணுல மாட்டினா படிச்சவன்ங்கிறாங்க, காதுல மாட்டினா கிழவன்ங்கிறாங்க. உலகம் அப்படித்தாங்க. நீங்க பேசாம முடிய வளத்துடுங்க. நாலு நாள் சிரிப்பாங்க. அஞ்சாம் நாள் பழகிடும்."

மயிரைக் கட்டி மலையை இழுப்பது, வந்தால் மலை, போனால் மயிர். அப்படித்தான் அன்றைக்கு இரண்டு பேரும் நினைத்தார்கள்.

மலை வரத்தான் செய்தது. மூன்று வருஷம் வேலை தப்பியது. வருஷாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர், "காது நல்லா கேக்குதா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். இவர் உதட்டைப் பார்த்து, "கேக்குது சார்" என்பார். டிக் போட்டுவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர், மனைவி, மனைவியின் தம்பி. அந்த மச்சினன் அதே கம்பெனியில் மெக்கானிக். அவனைச் சேர்த்துவிட்டதே கொண்டையார்தான். ஏழு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே சைட், ஒரே டிபன் கேரியர். அவனும் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் என்கிற முறையில் அவன் அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அக்காள் புருஷனை எவன் எழுதிக் கொடுப்பான்?

அப்போதுதான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சீப்பு. பேசத் தொடங்குமுன் ஒருமுறை தலையை வாருவார், பேசி முடித்ததும் ஒருமுறை. மூன்றாம் நாளே அவருக்குச் சீப்பு என்று பேர் விழுந்துவிட்டது. பேர் வைப்பதில் மட்டும் அந்த ஆபீசில் வேலை என்றைக்கும் பாக்கி விழாது.

சீப்பு ஒருநாள் கொண்டையாரைக் கூப்பிட்டார். ஊழியர் விவகாரம் பார்க்கிற பர்சனல் மேடமும் நோட்டுடன் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு?"

"பத்தொம்பது சார்."

"முடிக்கு எத்தனை வருஷம்?"

"மூணு சார்."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு ஒரு கஸ்டமர் பயந்து போய் நிக்கிறான்னு வைங்க. கஷ்டப்பட்டுக் கதவைத் திறக்கிறோம். திறந்தா எதிர்ல நீங்க நிக்கிறீங்க, இந்தக் கோலத்துல. அய்யோ, லிஃப்டே தேவலைன்னு உள்ளயே உக்காந்துக்க மாட்டானா?"

மேடம் சிரித்தார். கொண்டையாரும் சிரித்து வைத்தார்.

"ஏன் சார், பொம்பளைங்க நாங்களே தோளோட வெட்டிட்டுத்தானே வர்றோம்?" என்றார் மேடம். "எனக்கு இடுப்புக்குக் கீழ இருந்துச்சு. இன்டர்வியூவுல ஒருத்தர், நீங்க வேலைக்கு வந்தீங்களா, விருந்துக்கு வந்தீங்களான்னு கேட்டார். மறுநாளே போய் வெட்டிட்டேன். என்ன குறைஞ்சு போயிட்டேன்?" கேட்டுவிட்டு நோட்டில் என்னமோ கிறுக்க ஆரம்பித்தார். குறைந்து போனது அவருக்கு மட்டும் தெரியும் போலிருக்கிறது.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன்" என்றார் சீப்பு. "சுத்திச் சுத்தி மெஷின் பக்கத்துல வேலை பாக்குறீங்க. முடி போய் மாட்டுச்சுன்னா தலையே போயிடும்."

அதைக் கேட்டதும் கொண்டையார் கொஞ்சம் துணிச்சலாக, "சார், மெஷின்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த ஆறு மாடிக் கட்டடத்து லிஃப்ட்ல, கூண்டு மேல இருக்கிற ஸ்டாப் சுவிட்ச் செத்துப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. வாக்கி-டாக்கியும் கேட்டிருந்தேன். மூணு லெட்டர் குடுத்திருக்கேன்" என்றார்.

மூன்று லெட்டரும் மேஜையில் ஒரு கண்ணாடி உருண்டைக்குக் கீழேதான் இருந்தன. "அது பாக்கலாம், அப்புறம்" என்று சீப்பு தலையை வாரினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆண் ஊழியர்களின் தலைமுடி, சட்டைக் காலருக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆளுக்காக நாற்பத்தொரு பிரதி. ஒரு சுவிட்சுக்கு ஓடாத பேனா, முடிக்கு என்றதும் எப்படி ஓடுகிறது பாருங்கள்!

இனி அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் பழுது பார்க்கும்போது ஒருவன் கூண்டின் கூரைமேல் நிற்பான். கயிறு, கப்பி எல்லாம் அவன் கைக்கு எட்டும். இன்னொருவர் மொட்டைமாடிக்கு மேலே இருக்கிற மெஷின் ரூமில் நிற்பார். மோட்டாரும் மெயின் சுவிட்சும் அங்கே. கூண்டின் கூரையில் ஒரு ஸ்டாப் சுவிட்ச் உண்டு. அதை அழுத்திவிட்டால் மேலே யார் என்ன செய்தாலும் கூண்டு அசையாது. அது செத்துப் போனால் வாய்தான் சுவிட்ச். கான்கிரீட்டுக்கு நடுவில் செல்போன் எடுக்காது. மெஷின் ரூம் தரையில் கயிறு இறங்குகிற ஓட்டை வழியாக மேலேயிருந்து, "முடிஞ்சதா?" என்று கத்த வேண்டும். கீழே வேலை ஆகியிருந்தால் "முடிஞ்சது" என்று பதில் வரும். ஆகாவிட்டால் "முடியல" என்று வரும்.

இந்தத் தமிழை என்னவென்று சொல்வது! வேலை ஆனதற்கும் ஆகாததற்கும் ஒரே தலை, வால்தான் வேறு. கொண்டையாருக்கோ வால் கேட்காது. காது மிஷின் ஒரு அறைக்குள், நாலு பேர் பேச்சுக்கு உதவும். மெஷின் ரூமில் பக்கத்து லிஃப்டின் மோட்டார் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும், ஆறு மாடி எதிரொலியையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தக் குழப்பத்தில் 'முடி' என்பது மட்டும் வந்து சேரும். மிச்சத்தை அவரே போட்டுக்கொள்வார். எவ்வளவு நேரம் ஆயிற்று, மச்சினன் எப்படிப்பட்ட கைக்காரன், இந்நேரம் முடித்திருப்பானா என்று ஒரு கணக்கு. மூன்று வருஷமாக அந்தக் கணக்கு தப்பவில்லை, தப்பியிருந்தாலும் நல்ல சுவிட்ச் காப்பாற்றியிருக்கும். அதனாலேயே அவருக்கு அது கணக்கு என்பதே மறந்துவிட்டது. கேட்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்.

மாசம் முடிய இரண்டு நாள் இருந்தது. ஆறு மாடிக் கட்டடம், காலை பதினொரு மணி. மச்சினன் கூரைமேல் ஏறிக் கப்பியின் இடுக்கில் மாட்டியிருந்த பழைய கிரீஸைத் துணியால் வழித்துக்கொண்டிருந்தான். எப்போதும் பத்து நிமிஷ வேலை. கொண்டையார் பன்னிரண்டு நிமிஷம் பொறுத்தார். ஓட்டையில் குனிந்து, "முடிஞ்சதாடா?" என்று கத்தினார்.

கீழேயிருந்து 'முடி' என்று வந்தது.

மெயினைப் போட்டார். பட்டனை அழுத்தினார். கூண்டு ஒரு முழம் நகர்ந்தது.

அதற்கப்புறம் வந்த சத்தத்துக்குத் தலை வால் எதுவும் தேவைப்படவில்லை. அது அவருக்கு நன்றாகவே கேட்டது.

ஆஸ்பத்திரியில் நாலு விரலை எடுத்துவிட்டார்கள். வலது கை. கட்டைவிரல் மட்டும் தனியே நின்றது. மயக்கம் தெளிந்ததும் மச்சினன் முதலில் தேடியது அவரைத்தான்.

"நான்தான் மாமா சத்தமா சொல்லல. உங்க மேல தப்பில்ல."

கொண்டையார் அவன் காலைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது, சத்தம் வரவில்லை. வாசலில் நின்ற மனைவி அவரை வராந்தாவுக்குத் தனியே கூட்டிப் போனாள்.

"மிஷின் மாட்டியிருந்தீங்களா?"

"மாட்டியிருந்தேன்."

"பேட்டரி இருந்துச்சா?"

"நேத்துத்தான் மாத்தினேன்."

பேட்டரி இல்லை, மாட்ட மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கோபப்பட ஓர் இடம் கிடைத்திருக்கும். எல்லாம் மாட்டிக்கொண்டும் கேட்கவில்லை என்றால், மூன்று வருஷமாக அவள் சொன்ன யோசனையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. என்னவோ சொன்னாள். முகம் தெரியாததால் அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

நாலு நாளில் விசாரணை வைத்தார்கள். சீப்பு, பர்சனல் மேடம், தலைமை ஆபீசிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, கொண்டையார் எதிரே நின்றார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தார். சத்தியமாக! வாசலில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தார். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மறைத்தவன் தான் மட்டும் இல்லையே, மச்சினனும் கூட்டு. வேலை இரண்டு பேருக்கும் போகும். நாலு விரல் போனவனை வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்? வாய்வரை வந்தது தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அவர் தயங்கி நின்ற அந்த இடைவெளியில் சீப்பு முந்திக்கொண்டார்.

"அவரை என்ன சார் கேக்குறது? பாத்தாலே தெரியல? ரெண்டு காதையும் முடி மூடியிருக்கு. எப்படிக் கேக்கும்? இதுக்குத்தான் நான் சர்க்குலரே போட்டேன். தேதி பாருங்க, ஆக்சிடென்டுக்கு முன்னாடி!"

பாதுகாப்பு அதிகாரி எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். மேடம் எழுதிக்கொண்டார். முடி மூடினால் காது கேட்காதா? அப்படியென்றால் உலகத்துப் பெண்களில் பாதிப் பேர் செவிடாக இருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து எழுதிய மேடத்துக்கே ஒரு காலத்தில் இடுப்புக்குக் கீழே முடி இருந்தது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் கொண்டைக்கும் கைவிரலுக்கும் போட்டுவிட்டார்கள். யாருமே சிரிக்கவில்லை.

அறிக்கையில் இப்படி வந்தது: சூப்பர்வைசரின் நீண்ட தலைமுடி காதுகளை மறைத்திருந்ததால் எச்சரிக்கைக் குரல் கேட்கவில்லை. அவர் உடனடியாக முடியை வெட்டிக்கொண்டு பணியில் தொடரலாம். காயம்பட்ட மெக்கானிக்குக் கருணை அடிப்படையில் புகார் பதிவு செய்யும் டெலிபோன் சீட்டு தரப்படும். செத்துப்போன ஸ்டாப் சுவிட்சைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. கண்ணாடி உருண்டைக்குக் கீழே இருந்த மூன்று லெட்டரும் இப்போது மேஜையில் இல்லை.

கொண்டையார் கையெழுத்துப் போட்டார். சீப்பு தோளைத் தட்டிக் கொடுத்தார். "தலைக்கு வந்தது தலைமுடியோட போச்சுன்னு நெனச்சுக்கங்க!"

முடிதிருத்துகிறவர் கடையில் போய் உட்கார்ந்தார். கத்தரி இரண்டு தடவை ஓடியதும் நின்றது.

"சார், மிஷினக் கழட்டிருங்க. தண்ணி பட்டுரும்."

இத்தனை நாளில் அதைப் பார்த்த முதல் அந்நியர் அவர்தான். பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல அடுத்த பக்கம் போய்விட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது கொண்டையாருக்கு. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முடி தரையில் விழுவதைப் பார்க்க மட்டும் முடிந்தது.

மறுநாள் ஆபீசில் ஒரே கொண்டாட்டம். மிஷின் பையில்தான் இருந்தது. இனி எதை வைத்து மறைப்பது? கணக்கர் ஓடிவந்து பிடரியைத் தடவிப் பார்த்தார். டைப்பிஸ்ட் கைதட்டினார். மேடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லோர் வாயும் அசைந்தது. பத்து வயது குறைஞ்சு போச்சு சார் என்று ஒரு உதடு சொன்னதை மட்டும் படிக்க முடிந்தது. சீப்பு தன் பையிலிருந்த சீப்பையே எடுத்து நீட்டி, ஆபீஸே சிரிக்க, ஏதோ நீளமாகப் பேசினார். கொண்டையார் "சரி சார், சரி சார்" என்றார். எதற்கெல்லாம் சரி என்று சொன்னோம் என்பது சாயங்காலம் பலகையில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அதே ஆறு மாடிக் கட்டடம். அதே லிஃப்ட். மேலே இவர். கூண்டின் கூரைமேல் மச்சினனுக்குப் பதிலாக நெட்டை என்று ஒரு மெக்கானிக்.

வீட்டில் மனைவி அவர் தலையைப் பார்த்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்தவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முகத்தை நேராகக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தம்பி இன்னைக்குத்தான் எங்கிட்ட சொன்னான். முடியல, முடியலன்னு மூணு தடவை கத்தினானாம். தொண்டை கிழியக் கத்தினானாம்."

அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். கேட்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதுதான் எழுத்து எழுத்தாக விளங்கித் தொலைத்தது.

"நாளைக்கு அந்த நெட்டைப் பையன் எத்தனை தடவை கத்தணும்?" என்று கேட்டுவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.

காலையில் நேரே சீப்பின் அறைக்குப் போனார். மிஷின் இரண்டையும் எடுத்து மாட்டிக்கொண்டு போனார். அதைக் கழற்றி மேஜையில் வைக்கவும் செய்தார், பிறகு பதில் கேட்க வேண்டுமே என்று திரும்ப மாட்டிக்கொண்டார். "சார், எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமா கேக்காது. முடி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

சீப்பு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. ரிப்போர்ட் தலைமை ஆபீஸ் போயாச்சு. முடிதான் காரணம்னு அவங்க ஒத்துக்கிட்டாச்சு. எல்லாக் கிளைக்கும் சர்க்குலர் போயிருக்கு, என் பேரைப் போட்டு. இப்ப நீங்க வந்து காதுங்கிறீங்க. அப்ப மறுபடி விசாரணை வரும். சுவிட்சும்பாங்க, லெட்டரும்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க மச்சினனுக்கும் இது தெரியும், இல்ல?"

கொண்டையார் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"டெலிபோன் சீட்டு நல்ல சீட்டு. கெடுத்துக்காதீங்க. அதைக் கழட்டிப் பையில போடுங்க. காதுல மாட்டிக்கிட்டு சைட்டுக்குப் போனா என் ரிப்போர்ட் பொய்யாயிடும்."

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். இப்போது விட்டால் ஏன் விட்டார் என்று கேட்பார்கள், அதுவும் மச்சினன் தலையில்தான் விடியும் என்றார் சீப்பு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அந்த அறையில் சங்கு ஊதியவர்தான் செவிடர்.

மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பத்தரை மணிக்குக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நெட்டை ஏற்கெனவே கூண்டின் கூரைமேல் ஏறிக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். இவர் அவனருகே போய், "டேய், எனக்குக் காது கேக்காதுடா" என்றார்.

நெட்டை பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அதான் முடி வெட்டியாச்சேண்ணே! இனிமே நிம்மதியா நிக்கலாம்."

ஆறு மாடி படியேறினார். அன்றைக்கும் மெயினைத் தொடுவதுதான் அவர் வேலை. ஓட்டையில் குனிந்து, "முடிஞ்சதா?" என்று கேட்டார். கீழே ஏதோ சத்தம். தலை வந்தது, அல்லது வந்தது போல இருந்தது. மணியைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிஷம். நெட்டை நல்ல வேலைக்காரன், இந்நேரம் முடித்திருப்பான் என்று கணக்கு தானாகவே ஓடியது. கை தானாகவே நீண்டது. அவர் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து நெட்டை மூச்சிரைக்க மேலே வந்தான். வந்த வேகத்தில் திட்டினான் போலிருக்கிறது. தரையில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் வாய் நின்றது.

"நீ என்னடா சொன்ன?" என்று கேட்டார் கொண்டையார். "முடிஞ்சதுன்னு சொன்னியா, முடியலன்னு சொன்னியா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நெட்டையின் சிரிப்பு, கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. கிரீஸ் கறை படிந்த தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"முடியலன்னு சொன்னேண்ணே."

அவன் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவனுக்கும் கை வேண்டும். கீழே இறங்கிப் போய் எல்லா மெக்கானிக்குக்கும் போன் போட்டான். மதியத்துக்குள் ஒருவரும் கூண்டின்மேல் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். இனி மறைக்க முடியாது என்றதும் சீப்புக்கு வேறு வழி சட்டென்று கிடைத்துவிட்டது. உடல் குறையை மறைத்தது கொண்டையாரின் குற்றம், மறைக்க உடந்தையாக இருந்தது மச்சினனின் குற்றம். முடி இருந்த வரியில் காது வந்து உட்கார்ந்துகொண்டது. சுவிட்சுக்கு அப்போதும் இடம் கிடைக்கவில்லை.

நாலு மணிக்கு வேலை நீக்க உத்தரவு இரண்டு கவரில் தயாராகிவிட்டது. பர்சனல் மேடத்தின் மேஜையில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். கொண்டையார் போட்டுவிட்டு நகர்ந்தார். மச்சினன் டெலிபோன் சீட்டிலிருந்து எழுந்து வந்தான். அந்தச் சீட்டில் அவன் மொத்தம் ஒன்றரை நாள்தான் உட்கார்ந்திருந்தான். மாமாவை ஒருமுறை பார்த்தான். பேனாவை இடது கையில் எடுத்தான்.

இடது கையால் அவன் பேர் எழுதுவது அதுதான் முதல் தடவை. முதல் எழுத்துக்கே அரை நிமிஷம் ஆயிற்று. கட்டுப் போட்ட வலது கையைக் காகிதத்தின்மேல் அழுத்தப் பார்த்தான், வலித்தது, எடுத்துவிட்டான். காகிதம் பேனாவோடு சேர்ந்து மேஜையில் வழுக்கிக்கொண்டே போயிற்று. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொண்டையார் கிட்டே போய், இரண்டு கையையும் விரித்துக் காகிதத்தின்மேல் வைத்து, அவன் எழுதி முடிக்கும்வரை அது நகராமல் பிடித்துக்கொண்டார்.